பாதியில் நிறுத்தப்பட்ட தொடர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், காரிமங்கலம் சந்தையிலிருந்து தருமபுரிக்குத் திரும்பிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்மணிகள் பேசியதைக் கேட்டவாறே எழுதுகிறேன். மடியில் தக்காளிப் பையை வைத்திருந்த இளையவர்தாம் பேச்சைத் தொடங்கினார்.

“புது சீரியல்னாலே எங்க வூட்டுல பயமா இருக்குதுங்கக்கா. பாதியில நிறுத்திட்டாங்கன்னா அவரு தாங்கமாட்டாரு.”

மூத்தவர் சிரித்துவிட்டார். “உன் வூட்டுக்காரரு சீரியல் பைத்தியமா?”

“வாதம் வந்து படுத்ததுலேர்ந்து அதான் அவருக்கு உசுரு. எங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்களா, அந்தக் கதையில வர்ற பொண்ணைத் தம் பொண்ணாட்டம் பாத்துக்கிட்டேதான் களி முழுங்குவாரு. அவளப் போலீசு புடிச்சிட்டுப் போனதோட கதைய நிறுத்திப்புட்டாங்க. அதுலேர்ந்து ரெண்டு வாய்க்கு மேல இறங்கல.”

“மீதிக் கதைய நீயே சொல்றதுதானே?”

“சொன்னேனே! ஜாமீன்ல வந்துட்டா, கல்யாணமும் ஆயிருச்சுன்னேன். ‘என்னைக் கூப்புடாமயா?’ன்னு அழுவறாரு.”

மூத்தவரின் முகத்தில் சிரிப்பு இல்லை. “வேற ஒண்ணு போட்டுப் பாரு தாயி, பழகிக்குவாரு.”

“நேத்து போட்டேங்கக்கா. கண்ண மூடிக்கிட்டாரு. ‘இவளையும் பாதியில கொண்டுபோயிட்டா, நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது’ங்கறாரு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

மூத்தவர் இளையவரின் மடியிலிருந்த தக்காளிப் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். தருமபுரி வந்ததும் இருவரும் இறங்கிச் சென்றனர்.

இவ்வுரையாடலைத் தங்கள் பேச்சுவழக்குத் தொகுப்பில் பாதுகாத்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.