பாலிஷ் போடாத கடிகாரம்

பெயர்: இஸாலின் ஜாக்கோ. வயது: 46. கணவர்: தியெரி ஜாக்கோ. தொழில்: வரலாற்று ஆசிரியை. முகவரி: பார்க் தெரு, லா ஷோ-து-ஃபோன், சுவிட்சர்லாந்து.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். இன்று சனிக்கிழமை காலை எழுந்ததும் முதலில் வாசற்கதவை அடைத்திருந்த பனியை வாரித் தள்ளினேன். வழக்கமாக அதை என் கணவர் செய்வார். இன்று அவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு காபி குடித்துவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு ஒரேல் மத்தே அவர்களின் வீட்டுக்கு நடந்து சென்றேன்.

மத்தே ஓய்வுபெற்ற விமானி. வயது எழுபத்தெட்டு. தனியாக வசித்தார். அவரும் என் கணவரும் இன்னும் சிலரும் விமானிகளுக்காகச் செய்யப்பட்ட பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள். வியாழன்தோறும் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகத்தின் பின் அறையில் கூடுவார்கள். நானும் உடன் போவதுண்டு. பழைய கடிகாரத்துக்கு ஒருபோதும் பாலிஷ் போடக்கூடாது என்பது இவர்களிடையே உள்ள கட்டுப்பாடு. கீறலும் மங்கலும்தான் அதன் வயது என்பார்கள். பாலிஷ் போட்டதைக் கையில்கூடத் தொடமாட்டார்கள்.

மத்தேயிடம் ஓர் எஃகுக் கடிகாரம் இருந்தது. வேலையில் இருந்த காலம் முழுவதும் அதைக் கட்டிக்கொண்டுதான் கடல் தாண்டிப் பறந்தார். இன்னொரு நாட்டின் நேரத்தைக் காட்ட அதில் தனியாக ஒரு முள் உண்டு. சுற்றுவளையத்தின் சிவப்பும் நீலமும் வெயிலில் வெளுத்து, ரோஜா நிறமாகவும் சாம்பல் நிறமாகவும் ஆகியிருந்தன. கண்ணாடியில் விரிசல். பார்ப்பவர்கள் குப்பை என்பார்கள். என் கணவர் அதைப் பல வருடங்களாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை கூட்டத்தில் மத்தே, தம் தம்பியின் பேத்திக்கு விமானி வேலை கிடைத்துவிட்டது என்றும், கடிகாரத்தைப் பாலிஷ் போட்டு, முகப்பையும் புதிதாக மாற்றி அவளுக்குக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். அதன் பிறகு என் கணவர் எழுந்து, "பெரியவரே, இது கொலை. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்றார்.

மத்தே, "சின்னப் பொண்ணுடா அவ. விரிசல் விழுந்ததையா கையில கட்டிக்குவா? வேணும்னா உன் மூஞ்சிக்கும் சேத்து ஒரு பாலிஷ் போடச் சொல்றேன், நல்லா கீறல் விழுந்து கெடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கணவர் உட்கார்ந்துவிட்டார். பாலிஷுக்குக் கொடுக்கும் முன் ஒரு படமாவது எடுத்து வைக்கிறேன் என்றேன். சனிக்கிழமை காலை வரும்படி மத்தே சொன்னார்.

நேற்று மாலை என் கணவர் கார் டயரை மாற்ற வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். திரும்பி வந்து வெகுநேரம் கை கழுவினார். அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தார். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று நான் போனபோது மத்தேயின் வீட்டுக் கதவு பூட்டப்படாமல் இருந்தது. அவர் அறையில் தரையில் கிடந்தார். தலை கணப்பு அடுப்பின் விளிம்பருகே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. அதன் பிறகு காவல்துறைக்கும் என் கணவருக்கும் தொலைபேசியில் தகவல் சொன்னேன். மத்தே இறந்துவிட்டார் என்று மட்டுமே கணவரிடம் சொன்னேன்.

மேசைமேல் மான்தோல் துணி விரித்து, அதில் மற்ற கடிகாரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் உலோகம் இன்னொன்றின் கண்ணாடியில் உரசாதபடி, வார்கள் பிரித்துப் பரப்பப்பட்டிருந்தன. இரண்டு தங்கக் கடிகாரங்களும் அங்கேயே இருந்தன. அந்த எஃகுக் கடிகாரம் மட்டும் இல்லை.

காணாமற்போன கடிகாரத்தைப் பற்றி நான் சொன்னதும், அங்கே வந்திருந்த இன்ஸ்பெக்டர் என்னிடம், "தங்கத்தை விட்டுட்டு ஓட்டை வாட்சை எடுத்துட்டுப் போயிருக்கான் மேடம். யாரோ ஒண்ணும் தெரியாத பய, பதற்றத்துல கைக்குக் கிடைச்சதைச் சுருட்டியிருக்கான்" என்றார். நான் மேசைமேல் இருந்த வரிசையை மறுபடி பார்த்தேன்.

அதன் பிறகு என் கணவர் காரில் வந்தார். அவரை வீட்டுக்குள் விடவில்லை. வாக்குமூலம் கொடுப்பதற்காக என்னை இங்கே காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார். வழியில், "ஏதாவது களவு போயிருக்கா?" என்று கேட்டார். "ஒரு கடிகாரம்" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "எப்படியோ, பாலிஷ்லேருந்து அது தப்பிச்சுது" என்றார். மத்தேயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். மனைவி என்பதால் கணவருக்கு எதிராகப் பேசாமல் இருக்க எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்றும், இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொள்வதா என்று யோசித்துக்கொள்ளலாம் என்றும் விளக்கினார். புரிந்தது என்றேன். நிறுத்திய இடத்திலிருந்து தொடரச் சொன்னேன்.

எங்களுக்குத் திருமணமாகி இருபது வருடங்கள் ஆகின்றன. அவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

மேலே உள்ளதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் இவையே. எவருடைய வற்புறுத்தலும் இல்லை. என் சொந்தக் கையால் ஒரு பத்தி சேர்க்க அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

என் கணவர் வெளியே நடையில் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். விசாரணை நாளில் நீதிபதி, "பேச விருப்பமா, மௌனமா?" என்று மறுபடி கேட்பார் என்று தெரிகிறது. என் கணவருடைய முகத்தைப் பார்த்து இதையே திரும்பச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த முடிவை இன்னும் யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை.

(ஒப்பம்)
இஸாலின் ஜாக்கோ