தலையாட்டிப் போட்ட தடை

மார்ச் மாதத்துப் பனிப்புயல் வெளியே கதவை இடித்துக்கொண்டிருக்கும் இந்த மாலையில், கூடைப்பந்து ஆடும் களத்தையே கூட்ட அரங்கமாக்கி, கூடைக்கு நேர் கீழே தலைமை தாங்கி வீற்றிருக்கும் நூர்டால் பள்ளிக் குழுவின் தலைவர், சர்க்கரைக் கிழங்கையும் சகிப்புத்தன்மையையும் ஒருசேரப் பயிரிடும் சான்றோர், ஐயா ஓரின் லிண்ட்வால் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, நாம் பேசுவதையும் பேசாமல் முறைப்பதையும் ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும் செயலாளர், அம்மையார் ஹேரியட் க்வாமி அவர்களே! மென்மையான குரலும் மேன்மையான பட்டங்களும் கொண்ட பள்ளிக் கண்காணிப்பாளர், முனைவர் பிரெஸ்டன் ஹேல் அவர்களே! வீட்டிலிருந்து ஹாட்டிஷ் என்னும் சுடச்சுடக் கலவை உணவு சமைத்து, ஆறாமல் போர்வையில் சுற்றி எடுத்துவந்த தாய்மார்களே! கடைசி எலுமிச்சை இனிப்புத் துண்டை எடுத்தால் பேராசைக்காரர் என்று பெயர் வருமோ என அஞ்சி, அதைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் பாதியாக வெட்டி, இப்போது எறும்புக்கு மட்டுமே பயன்படும் அளவில் தட்டில் மிச்சம் வைத்திருக்கும் நாகரிகச் செம்மல்களே! முன்வரிசை முழுவதும் காலியாகக் கிடக்க, பின்வரிசையில் தோளோடு தோள் நெருக்கி அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் என்பது விதி. அது வணக்கம் சொல்வதிலேயே கழிந்துவிட்டது. தலைவர் தலையாட்டுகிறார். தொடரலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தலையாட்டலைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

நான் இந்தப் பள்ளியில் மரவேலை கற்றுத் தருபவன். இன்று எல்லா ஆசிரியர்களின் சார்பாகவும் நிற்கிறேன். பிப்ரவரிக் கூட்டத்தில் இந்தக் குழு ஒரு தடை போட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்தக் கருவியையும், குழு ஆராய்ந்து அனுமதிக்கும்வரை, வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது என்று தடை. குழு எப்போது ஆராயும்? அதை ஆராய இன்னொரு குழு அமைக்கப்படும் என்கிறார்கள். அந்தத் தடை இன்று மாலையே நீங்க வேண்டும். யாருக்காக நீங்க வேண்டும்?

அதோ, இடப்பக்கப் படிக்கட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள், ஆறாம் வகுப்பு பிரிட்டா நைகார்ட். அவளுக்காக. அவள் அம்மாவின் சம்மதத்தோடும், அதைவிட முக்கியமாக அவளுடைய சம்மதத்தோடும் அவள் கதையைச் சொல்கிறேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பிரிட்டாவுக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. காதில் கருவி இருக்கிறது. அந்தக் கருவி அவளுக்கு எதைக் கொண்டுவந்து சேர்க்கிறது? ஆசிரியரின் குரலைவிட அதிகமாக, நம் பள்ளியின் பழைய வெப்பக் குழாய் உறுமுவதைச் சேர்க்கிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறார். உதடு போயிற்று, பாடமும் போயிற்று.

ஆனால் பிரிட்டா நம் ஊர்க் குழந்தை. கேட்கவில்லை என்று சொல்வாளா? சொல்ல மாட்டாள். "புரியுதா?" என்றால் தலையாட்டுவாள். மதிப்பெண் இறங்கியது. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

வகுப்பாசிரியை ட்வைலா எங்கெப்ரெட்சன் ஒரு நாள் அவளருகே போய், புன்னகை மாறாமல் கேட்டார்: "பிரிட்டா கண்ணு, நாளைக்கு மதியம் நம்ம ஸ்கூலையே பொரிச்சுச் சாப்பிட்டுடலாமா?"

பிரிட்டா பணிவோடு தலையாட்டினாள்.

சிரிக்கிறீர்கள். ட்வைலா டீச்சர் அன்று சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனார், தேடினார், ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். இலவசம். ஆசிரியர் பேசப் பேச, பேச்செல்லாம் எழுத்தாகிச் சுவரில் ஓடும். மேசையில் லேப்டாப், சட்டையில் சின்ன மைக், சுவரில் வெளிச்சம். வேறொன்றும் வேண்டாம்.

முதல் நாள் என்ன ஓடியது? பின்னங்கள் ஓடின. நடுவே, பின்பெஞ்சில் உட்காரும் கோடி ஸ்ட்ராண்ட் என்ற பையன் பக்கத்துப் பையனிடம் முணுமுணுத்ததையும், அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த டீச்சரின் மைக் பிடித்துவிட்டது. ஆளுயர எழுத்தில் சுவரில் வந்தது: "டேய், டீச்சர் சட்டையத் திருப்பிப் போட்டிருக்காங்கடா." டீச்சர் குனிந்து பார்த்தார். உண்மைதான்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பிரிட்டாவும் சிரித்தாள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதுவரை அவள் எப்படிச் சிரிப்பாள் தெரியுமா? மற்றவர்கள் சிரித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்து, ஒரு கணம் தாமதமாக, எதற்கென்று தெரியாமலே சிரிப்பாள். அன்று எல்லோரோடும் சேர்ந்து, அதே கணத்தில், காரணம் தெரிந்து சிரித்தாள். பாடத்திட்டத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது. நான் இருபது வருடங்களாக ஆசிரியன். இதைவிடப் பெரிய தேர்ச்சியை நான் பார்த்ததில்லை.

பிறகு மற்ற ஆசிரியர்களும் துணிந்தார்கள். கணக்கு ஆசிரியர் டேல் ஃபிரான்ஸ்டால், பனி ஹாக்கிக் களத்தில் ரப்பர் வட்டு போகும் பாதையைத் திரையில் வளைத்துக் காட்டினார். வாய் திறக்கவே கூசும் பிள்ளைகள், கேள்விக்கான விடையைத் திரையில் தட்டி அனுப்பினார்கள். ஒரு காசு செலவில்லை. நம் ஊரில் ஒரு பொருள் இலவசம் என்றால் மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும்.

சந்தேகம் தவறென்று சொல்ல மாட்டேன். முனைவர் ஹேல் ட்வைலாவிடம் கேட்டார்: "சும்மா குடுக்கறவன் சும்மாவா குடுப்பான், டீச்சர்? நம்ம பிள்ளைங்க பேர், குரல், எல்லாத்தையும் எங்க கொண்டுபோய் வைக்கறான்னு யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்வி. நேர்மையான கேள்வி. ட்வைலாவும் நேராகவே பதில் சொன்னார்: "அதத்தான் சார் மொதல்ல பார்த்தேன். பேர் எதுவும் குடுக்கல. பேச்சு அந்த லேப்டாப்பை விட்டு வெளிய போகாது, எதுவும் சேமிப்பாகாது. வாங்க, ஒக்காந்து சேர்ந்து பார்ப்போம். தப்புன்னா நானே நிறுத்திடறேன்."

"பார்ப்போம்" என்றார் முனைவர். நம் பக்கத்தில் "பார்ப்போம்" என்றால் பார்க்க மாட்டோம் என்று பொருள். அடுத்த கூட்டத்தில் தடைத் தீர்மானம் வந்தது.

அந்தக் கூட்டம் எங்கே நடந்தது? சாப்பாட்டு அறையில். பின்னால் பாத்திரம் கழுவும் இயந்திரம் முழங்கிக்கொண்டிருந்தது. தீர்மானத்தை வாசித்தவர் யார்? பூனை நடப்பதுபோலப் பேசும் நம் முனைவர். குழு உறுப்பினர்கள் யார்? வாழ்நாளெல்லாம் டிராக்டர் மேலும் தானியம் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்திலும் காதைக் கொடுத்தவர்கள். ஆட்சேபம் இல்லையே என்றார் முனைவர். எல்லாத் தலைகளும் கண்ணியமாக ஆடின. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் நான் தலைவரின் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். தலைவர் அனுமதித்ததால் சொல்கிறேன்.

"ஓரின், ஏன்யா இந்தத் தடைய போட்டீங்க?"

"எந்தத் தடை?"

"நேத்து தலையாட்டினீங்களே!"

"அதுவா? ஜிம்முக்குத் தரை போடற விஷயம்னு நெனச்சேன்பா. அந்தத் தரையும் மோசமாத்தானே கெடக்கு."

"காதுல விழலன்னா திருப்பிச் சொல்லுங்கன்னு கேட்க வேண்டியதுதானே?"

"அந்த மனுஷன் ஒரு தடவ சொல்லிட்டாரு. மறுபடியும் சொல்லச் சொன்னா மரியாதையா இருக்குமா?"

என்ன, அம்மா ஹேரியட்? சொல்லுங்கள், சொல்லுங்கள். "நான் கூரை ஒழுகறதப் பத்தின்னு நெனச்சு எழுதிக்கிட்டேன்" என்கிறார். நன்றி அம்மா. பெருமக்களே, நம் ஊரில் தரைக்காகவும் கூரைக்காகவும் தலையாட்டி, நடுவில் இருந்த குழந்தையைத் தடை செய்திருக்கிறோம்! கொடுமை செய்தோமா? இல்லை. பகை கொண்டோமா? இல்லை. மரியாதையாக இருந்தோம். அவ்வளவுதான்.

அந்த மரியாதையின் விளைவைச் சொல்கிறேன். போன வாரம் புயல் வருகிறதென்று பள்ளியைச் சீக்கிரம் விட்டோமே, அன்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு: நாலாம் நம்பர் பஸ் வராது, அந்தப் பிள்ளைகள் பின்வாசலில் இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏற வேண்டும். ட்வைலா கேட்டார், "எல்லாருக்கும் கேட்டுச்சா?" எல்லாத் தலைகளும் ஆடின. முன்போல் சுவரில் எழுத்து இருந்திருந்தால் பிரிட்டா படித்திருப்பாள். சுவர் வெறுமையாக இருந்தது.

பிரிட்டா முன்வாசலில் போய் நின்றாள். வராத பஸ்ஸுக்காக, எதிரில் கொடிக்கம்பம்கூடத் தெரியாத வெண்பனியில், சமர்த்தாக நின்றாள். சமையலறை ஜன்னல் வழியே எதேச்சையாகப் பார்த்த நம் பள்ளிச் சமையல்கார டோலரஸ் அக்கா ஓடிப்போய் உள்ளே இழுத்து வந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. "குளிருதாம்மா?" என்று கேட்டார் டோலரஸ்.

அவள் தலையாட்டவில்லை. அழுதாள்.

இப்போது அரங்கில் சிரிப்பில்லை. அதுவே நல்லது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் பேசுவது இங்கே யாருக்கெல்லாம் சரியாகக் கேட்கவில்லை? கை தூக்குங்கள்.

ஒரு கையும் இல்லை. கேட்காதவர்களுக்கு இந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

ட்வைலா டீச்சர், லேப்டாப்பைத் திறங்கள். தடை வகுப்பறைக்குத்தான், இது ஆடுகளம். வெளிச்சத்தை அந்தப் பெரிய சுவரில் போடுங்கள். நன்றி. இதோ, நான் சொல்வது எழுத்தாக ஓடுகிறது.

முனைவர் ஹேல் எழுகிறார். டீச்சர் மைக்கை அவர் பக்கம் நீட்டுகிறார். ஏதோ சொல்கிறார். பொறுங்கள், சுவரைப் பாருங்கள். பின்வரிசை சேர்ந்து வாசிக்கிறது: "தலைவர் அவர்களே, இது முறையல்ல. குழந்தைகளின் பாதுகாப்பு உறுதியாகும்வரை இந்தக் கருவிகள் வேண்டாம் என்றுதான் நான் அன்றும் சொன்னேன்."

பின்வரிசையில் எல்மர் ஸ்டோர்டால் எழுந்து நிற்கிறார்: "அட, இந்த மனுஷன் இத்தனை நாளா இதத்தான் சொல்லிட்டிருந்தாரா? நல்லாத்தானே பேசறாரு! முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு கேள்வி கேட்டிருப்பேனே!"

முனைவர் அவர்களே, வருந்தாதீர்கள். இந்த ஊருக்கு நீங்கள் வந்த பிறகு, முதன்முறையாக உங்கள் பேச்சு முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்போது என் கேள்வியை மறுபடி கேட்கிறேன். சுவரில் படியுங்கள். யாருக்கெல்லாம் சரியாகக் கேட்கவில்லை?

பிரிட்டாவின் கை எழுகிறது. எல்மரின் கை. டோலரஸ் அக்கா, நீங்களுமா? பின்வரிசை முழுவதும். அம்மா ஹேரியட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்குகிறார். தலைவர் அக்கம்பக்கம் பார்க்கிறார்... தலைவரும்!

பிரிட்டா, கையை இறக்காதே அம்மா. திரும்பிப் பார். நீ தனியாள் இல்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! இலவசம் என்பதற்காக எதையும் அப்படியே நம்பச் சொல்லவில்லை. எந்தக் கருவியையும் ஆசிரியரும் முனைவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு வாரத்துக்குள் சோதித்து, ஆகும் ஆகாது என்று சொல்லட்டும். அதுவரை பிரிட்டாவின் சுவரில் எழுத்து ஓடட்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்; இதில் ஒரு சொல்லையும் குறைக்க மாட்டோம்.

தடை நீடித்தால்? அதையும் ஆசிரியர்கள் முடிவு செய்துவிட்டோம். நாளை முதல் மணி அடிக்கும்போது, எங்களில் வகுப்பில்லாத ஒருவர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆறாம் வகுப்பில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் பேனாவால் எழுதிக் காட்டுவார். பாடத்தை எழுதுவோம், பகடியை எழுதுவோம், பஸ் அறிவிப்பை எழுதுவோம். கோடி முணுமுணுப்பதையும் எழுதுவோம். அடுத்த மணிக்கு அடுத்த ஆசிரியர். கை வலித்தால் மறு கை. பேனாவை ஆராய நீங்கள் ஒரு குழு அமைத்தாலும், அந்தக் குழு கூடும்வரை எழுதுவோம்.

தலைவர் அவர்களே, தடையை நீக்கும் தீர்மானத்தை வாசியுங்கள். அவசரமில்லாமல், மைக்கைப் பார்த்து. எல்லோரும் படித்து முடித்த பிறகு தலைகள் ஆடட்டும்.

கேட்டவர்களுக்கும், கடைசியில் படித்தவர்களுக்கும், கை தூக்கியவர்களுக்கும் ஆசிரியர்களின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. வீடு திரும்பும்போது சாலையில் மான் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள். வணக்கம்.