பதிவேட்டுப்படி எனக்கு ஒண்ணும் தெரியாது

...அதான் சொல்லுறேன், அந்த முன்பெட்டியில மனுசி உக்கார முடியுமா? அறுபத்தோரு பேரு! ஆளுக்கொரு பேப்பரக் கையில வச்சுக்கிட்டு மொணமொண மொணமொணன்னு... சர்ச்சுல கூட இப்பிடி ஒரு பக்திய நான் பாத்ததில்ல. கக்கூசுக்குப் போறேன்னு சொல்லிட்டு, பையத் தூக்கிக்கிட்டு நேரா இங்க கடைசிப் பெட்டிக்கு வந்துட்டேன். நீ பாட்டுக்குப் பின்னும்மா. ஸ்வெட்டரா? ஒரு கை கொஞ்சம் நீளமா இருக்காப்புல... இல்ல இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, சூரியகாந்தி வெத. பர்காஸ் ஸ்டேஷன் வாசல்ல சூடா வாங்குனது, ஆறுனாலும் நல்லாத்தான் இருக்கு. தோல இந்தக் காகிதத்துல போடு.

எங்க எறங்குற? ப்ளோவ்திவா? குடுத்து வச்சவ. நாங்க தலைநகரம் சோஃபியா வரைக்கும். பரீட்சைக்கு! ஆமா, பரீட்சைக்குத்தான். எனக்கு அம்பத்தெட்டு வயசு. எங்க டைரக்டர் கலாய்ஜீவுக்கு அறுபத்து மூணு. அந்த மனுசனும் முன்பெட்டியில ஜன்னலோரமா உக்காந்து கண்ண மூடி மூடி ஒப்பிச்சுக்கிட்டு வாராரு. எழுத்துப் பரீட்சைன்னா கூடப் பரவால்ல, பக்கத்துல பாத்து எழுதிறலாம். இது வாயால! மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு, இந்தப் பக்கம் நாம ஒத்த ஆளு. எந்த மகராசன் இந்த யோசனையக் குடுத்தானோ, அவன் நாக்குல... சரி விடு. பயணத்துல எதுக்குச் சாபம்.

நாங்க கடல் ஆராய்ச்சி நிலையம்மா. சர்க்காரு ஆபீசு. கப்பல்ல போயி கடலுக்கடியில இருந்து சேத்த அள்ளிக்கிட்டு வருவாங்க. அதச் சாடியில போட்டு, சீட்டு ஒட்டி, அடுக்கி வைக்கிறது நானு. முப்பத்தோரு வருசமாச் சேறு. சிரி சிரி, பரவால்ல. ஆனா ஒரு சாடிய மோந்து பாத்தே இது எந்த எடத்துச் சேறுன்னு சொல்லிருவேன், படிச்சவங்களால முடியாது. சரி, அத விடு, நான் என்ன சொல்ல வந்தேன்...

ஆங், பயிற்சி! ஆறு வருசத்துக்கு முன்னாடி மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. ஊழியர் கற்றல், திறன் மேம்பாடு, அது இதுன்னு பதினாலு பக்கம். சுருக்கமாச் சொன்னா, ஒவ்வொருத்தரும் வருசத்துக்கு நாப்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எதையாச்சும் கத்துக்கணும். தீயணைப்பானப் புடிக்கிறது எப்பிடி, பாரம் தூக்குறது எப்பிடி, அமிலத்த ஊத்துறது எப்பிடி, கூட வேல பாக்குறவங்களோட சண்ட போடாம இருக்குறது எப்பிடி... நாற்காலியில உக்காருறதுக்கு ஒரு பாடம் இருக்கும்மா, மூணு மணி நேரம்! கடைசியில கேள்வி கேக்கும். சரியாச் சொன்னா சர்டிபிகேட்டு.

விஞ்ஞானிங்க செய்வாங்களா? அவங்களுக்கு மீனு முட்ட போட்டுச்சா இல்லையான்னு பாக்கவே நேரமில்ல. மொதல்ல டைரக்டர்தான் வந்தாரு. "ஸ்டாய்காம்மா, உன் சாடிங்க எங்கயும் ஓடிறாது, இது என் பாஸ்வேர்டு, கொஞ்சம் பாத்துக்க." சரின்னு செஞ்சேன். அடுத்து பெர்சனல் செக்ஷன் பென்கா வந்தா. யாரெல்லாம் பாடம் படிச்சாங்கன்னு கணக்கெடுக்குறதே அவதான், அவளுதையே நான் படிச்சேன்! அப்புறம் என்ன, வரிசையா வந்துட்டாங்க. ரெண்டு வருசத்துல அறுபத்தோரு பேரு பாஸ்வேர்டும் எங்கிட்ட. சமையல் குறிப்பு நோட்டுல பின்பக்கத்துல எழுதி வச்சிருந்தேன்.

சும்மா இல்லம்மா, சர்டிபிகேட்டு வாங்குனா விருந்து வைக்கணும்ல. நம்ம ஊரு வழக்கம்தான. ஒருத்தி பாலாடைக்கட்டி வச்சு பனிட்சா சுட்டுக்கிட்டு வருவா, ஒருத்தன் சாக்லேட் பெட்டி, ஒருத்தன் அவுங்க மாமனாரு வடிச்ச ரக்கியா சாராயம். "வாழ்த்துக்கள்!"னு நான் சொல்லுவேன். "நன்றி ஸ்டாய்காக்கா, ரொம்பக் கஷ்டமான பாடம்"னு அவன் சொல்லுவான், மொகத்துல ஒரு சுருக்கமில்லாம! ஆறு வருசத்துல பன்னெண்டு கிலோ ஏறிட்டேன்.

ஆனா ஒண்ணு. அத்தனையும் நான் நெசமாவே படிச்சேன். சும்மா தட்டிக்கிட்டே போகல. ஒரே பாடத்த அறுபத்தோரு தடவ படிச்சா நாய்க்குக் கூட மனப்பாடம் ஆயிரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்க நிலையத்துல எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தான். எனக்கு உள்ளுக்குள்ள அதுல ஒரு பெருமை. ரொம்பப் பெருமை.

என்னுதா? என் பேருல எத்தன படிச்சேன்னா கேக்குற? நீ கேக்கல, ஆனா கேக்கணும். ஒண்ணு கூட இல்லம்மா. அடுத்த வாரம் பாத்துக்கலாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு... எனக்கு நானே பனிட்சா சுட்டுக்கிட்டா உக்காரப் போறேன்?

போன வருசம் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் எடம் காலியாச்சு. முப்பத்தோரு வருசம்மா! அந்த எடம் எனக்குத்தான்னு சாடிங்களுக்கே தெரியும். விண்ணப்பம் போட்டேன். பென்கா கூப்பிட்டா. மூக்குக்கண்ணாடிய எறக்கி வச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "ஸ்டாய்கா, பதிவேட்டுப்படி ஒனக்கு ஒண்ணுமே தெரியாதே. தீயணைப்பானத் தொடவே ஒனக்கு அனுமதி இல்ல." யாரு, நானு! அவளுக்குத் தீயணைப்பான்ல மூணு சர்டிபிகேட்டு, மூணும் நான் வாங்கிக் குடுத்தது!

எடத்த ரூமெனுக்குக் குடுத்தாங்க. முப்பத்தி நாலு வயசு, பதினோரு சர்டிபிகேட்டு. பதினொண்ணும் நான் படிச்சது. தன்கிட்டயே தோத்தவள எங்கயாச்சும் பாத்திருக்கியா? இப்பப் பாத்துக்க. அதுல கொடுமை என்னன்னா, அவன் நல்லவன். தெனம் காலையில எனக்குக் காப்பி கொண்டாந்து வைப்பான். கெட்டவனா இருந்தா திட்டிட்டு நிம்மதியாப் போயிருப்பேன். அன்னைக்கு சாடி அறையில கதவச் சாத்திக்கிட்டு அழுதேம்மா. சொல்லுறதுக்கு என்ன வெக்கம், அழுதேன்.

ஐயோ, அந்தச் சால்வயத் தா... தா சீக்கிரம்! தல மேல போடு. தூங்குற மாதிரி... போயிட்டாளா? பச்சக் கோட்டுப் போட்டவ. அவதான் பென்கா. என்னத் தேடுறா. எதுக்குன்னு சொல்லுறேன், இரு.

அழுதேனா? கண்ணத் தொடச்சுட்டு வெளிய வந்தா டைரக்டரோட ஒரு பாடம் பாக்கி. "நேரத்தைத் திட்டமிடல்." சரின்னு அவரு பாஸ்வேர்டப் போட்டு முடிச்சேன். கடைசியில ஒரு கட்டம் வரும், இந்தப் பயிற்சிய மேம்படுத்த ஒங்க யோசனை என்னன்னு. இருநூறு எழுத்தாவது அடிச்சாத்தான் விடும். நான் எப்பவும் ஏதாச்சும் ஊறுகாய் பக்குவத்த அடிச்சு விட்டுருவேன், எவன் படிக்கப் போறான். அன்னைக்கு இருந்த ஆத்திரத்துல... அடிச்சுட்டேம்மா. "இந்தச் சர்டிபிகேட்டெல்லாம் வெறும் காகிதம். டைரக்டர்ல இருந்து சாடி அடுக்குறவ வரைக்கும் எல்லாரையும் நேர்ல உக்கார வச்சு வாயால கேள்வி கேளுங்க. அந்த மார்க்க வச்சுப் பதவிய மறுபடி முடிவு பண்ணுங்க." அடிச்சுட்டு பொத்தான அமுக்கிட்டேன்.

ஆமா. அந்த மகராசன் நாந்தான். அப்பிடிப் பாக்காத.

யாரும் படிக்க மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். சோஃபியாவுல எவனோ ஒருத்தன் படிச்சிருக்கான்! "ஒரு டைரக்டரே முன்வந்து சொன்ன துணிச்சலான யோசனை"ன்னு பாராட்டி, அப்பிடியே பரீட்சை வைக்கிறோம்னு கடுதாசி வந்துச்சு. எங்க டைரக்டரு அதக் கூட்டத்துல வாசிச்சாரு. மொதல்ல மொகம் வெளிறிப் போச்சு, நாலாவது வரியில நிமிந்துட்டாரு. "ஆமா, ரொம்ப நாளா எனக்குள்ள இருந்த எண்ணம்தான்"ன்னாரு! நான் பின்வரிசையில உக்காந்து உதட்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். வீட்டுக்கு வந்து ஆடுனேம்மா, அடுப்பங்கரையில, ஒத்தையா. ஏன்னு புரியுதா? ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும். பொறுப்பாளர் எடம் தானா என் மடியில விழப் போகுது!

இதோட நிறுத்தியிருந்தா நான் இந்நேரம் முன்பெட்டியில ராணி மாதிரி உக்காந்திருப்பேன். நிறுத்துனேனா?

மூணு வாரத்துக்கு முன்னாடி ரூமென் வந்தான், காப்பியோட. "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாது, நீங்க எழுதிக் குடுத்தா படிச்சுக்குவேன்"னு கெஞ்சுறான். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். இல்ல, ஒழுங்கா எழுதிக் குடுத்திருக்கலாம். எனக்குள்ள ஒரு குசும்பு எந்திரிச்சுச்சு பாரு... பத்துப் பக்கம் எழுதிக் குடுத்தேன். அழகா, நம்பரு போட்டு, அடிக்கோடு போட்டு. அத்தனையும் தலகீழா! பாரம் தூக்கும்போது முட்டிய மடக்கக் கூடாது, முதுகத்தான் வளைக்கணும். கேஸ் வாடை அடிச்சா மொதல்ல லைட்டப் போட்டுப் பாக்கணும். சண்ட வந்தா மொதல்ல கொரல ஒசத்தணும். எழுதும்போது எனக்கே ஒரு சந்தோசம், நெசம் மாதிரியே இருந்துச்சு.

அவன் ஒருத்தனுக்குத்தாம்மா குடுத்தேன். ஒருத்தனுக்கு! அவன் நல்லவன்னு சொன்னேன்ல? நல்லவன் என்ன பண்ணுவான்? அறுபது காப்பி எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டான். மேல கொட்ட எழுத்துல, "நம்ம ஸ்டாய்காக்கா நமக்காக எழுதியது"ன்னு வேற.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கமில்ல. காப்பி மிஷின்கிட்ட நின்னா ஒருத்தன் வாரான், "அக்கா, ஒரு கேள்வி கேளுங்க." நான் கேப்பேன். அவன் கடகடன்னு தப்பாச் சொல்லுவான். நான் என்ன சொல்லுறது? "சரி!"ம்பேன். படியில ஒருத்தி. "சரி!" கார் நிறுத்துற எடத்துல டைரக்டரு, சின்னப் புள்ள மாதிரி கண்ணெல்லாம் மின்ன, "ஸ்டாய்காம்மா, என் வாழ்க்கையிலயே மொத மொறையா நான் இதக் கத்துக்கிட்டேன்"ங்குறாரு. அவருகிட்டப் போயி எப்பிடிச் சொல்லுவ? "சரி, சார், ரொம்பச் சரி." மூணு வாரம்மா! அறுபத்தோரு பேருக்கும், நாளைக்குப் பத்துத் தடவ, சரி சரி சரி சரின்னு... பென்கா இப்ப என்னத் தேடுறதும் இதுக்குத்தான்.

உண்மையச் சொல்லிறலாம்னு ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். ஒரு தடவ பென்கா கட்டிப் புடிச்சு அழுதுட்டா. "ஒன்னப் போயி அன்னைக்கு அப்பிடிச் சொல்லிட்டேனே"ன்னு. இன்னொரு தடவ ரூமென் காப்பி கொண்டாந்துட்டான்.

என்ன எந்திரிச்சுட்ட? ப்ளோவ்திவ் வந்துருச்சா? இன்னும் வேகம் கூடக் கொறையலையே... இரு, இரு, முக்கியமானதச் சொல்லலையே. ஒன் நூலுகண்டு கீழ விழுந்திருக்கு பாரு. இந்தா.

அவங்க எல்லாரும் தோக்கட்டும், போகட்டும், திட்டட்டும். எனக்கு அந்த எடம் வேணும்மா, நான் வாங்கிக்குவேன், எனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு அப்பிடித்தான் மனசத் தேத்திக்கிட்டு ரயிலேறுனேன். சரி, நாமளும் ஒரு தடவ மனசுக்குள்ள ஓட்டிப் பாப்போமேன்னு காலையில கார்னோபாத் ஸ்டேஷன் தாண்டுனப்போ கண்ண மூடுனேன். மொத கேள்வி. தீயணைப்பானத் தீயோட அடியில அடிக்கணுமா, உச்சியில அடிக்கணுமா?

வரலம்மா.

ரெண்டும் வருது! அடியின்னு ஒரு கொரல் சொல்லுது, உச்சின்னு அறுபத்தோரு கொரல் சொல்லுது. அமிலத்துல தண்ணியா, தண்ணியில அமிலமா? என் கை தானாச் செய்யும், முப்பத்தோரு வருசமாச் செய்யுது, ஆனா அந்த மூணு பேரு வாயாலதான கேக்கப் போறாங்க! வாயாலதான் கேக்கணும்னு எழுதித் தொலச்சவ எவ? கேஸ், முட்டி, முதுகு... எது நான் படிச்சது, எது நான் எழுதுனதுன்னு... எனக்கே தெரியலம்மா. நான் எழுதுனதுதான் அழகா இருக்கு. அதுதான் ஞாபகம் வருது.

ஏம்மா, கதவு அங்கிட்டு இல்ல, இங்கிட்டு... சரி, அது வழியாவும் எறங்கலாம். அந்தப் பெரிய பெட்டிய முட்டிய மடக்கித் தூக்கு! இல்ல, இரு, முதுக... எப்பிடியாச்சும் தூக்கு. ஒரே ஒரு கேள்வி, நீ வெளி ஆளு, ஒன் மனசு சுத்தமா இருக்கும், எங்க காகிதத்தக் கண்ணால கூடப் பாக்கல. சொல்லிட்டுப் போ. அறையில தீப்புடிச்சா ஜன்னலத் தொறக்கணுமா, மூடணுமா? ஏம்மா... சும்மா மனசுல தோணுறதச் சொல்லு... தொறக்கணுமா? மூடணுமா? தங்கச்சி!