பதினேழாவது வரியை நான் திருப்பி மாற்றவில்லை

பெயர்: பில்யானா தோஷேவா. தந்தை பெயர்: ஆசென் தோஷேவ். வயது: 34. தொழில்: மென்பொருள் எழுதுபவர். முகவரி: எண் 11, மூன்றாம் மாடி, மரித்சா ஆற்றங்கரைத் தெரு, பிளோவ்டிவ். வாக்குமூலம் பதிவான நாள்: 2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. பதிவு செய்தவர்: ஆய்வாளர் நெதெல்சேவ்.

நான் மேற்படி முகவரியில் என் தங்கையுடன் குடியிருந்து வருகிறேன். என் மீது இதற்கு முன் வழக்கு ஏதும் இல்லை. எனக்கு எதிராகப் போகக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். இருந்தும் எல்லாவற்றையும் சொல்ல விரும்பி இதைச் சொல்கிறேன்.

ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க ஒரே திரைக்குள் எழுதுவார்கள். தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதை விட்டு வெளியே போய் வேறொன்றைத் திறக்க வேண்டும். எங்கள் நிறுவனம் செய்யும் கருவி தரவுத்தளத்தை அதே திரையின் வலது ஓரத்தில் கொண்டுவந்து வைக்கிறது. எழுதுகிற இடத்திலிருந்தே அட்டவணையைத் திறக்கலாம், கட்டளை கொடுக்கலாம், வரிகளை மாற்றலாம். ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன்: சமைக்கிறவர் அடுப்பை விட்டு நகராமல் அலமாரியை எட்டுவது போல. கை எட்டுவது வசதி. எந்த டப்பாவை எடுக்கிறோம் என்று பார்க்காமல் எடுத்தால் அதே வசதிதான் வம்பு.

ஒரேஷ்னித்சா ஊராட்சி மன்றத்தின் திருமணப் பதிவு மென்பொருளையும் நாங்கள்தான் பராமரிக்கிறோம். அதன் தரவுத்தளம் எங்கள் திரையில் இரண்டாகத் தெரியும். ஒன்று ஊரில் நிஜமாக ஓடுவது, அதற்குச் சிவப்புப் பட்டை. இன்னொன்று சோதனைக்கான நகல், அதற்குப் பச்சைப் பட்டை. பட்டைகளுக்கு நிறம் காட்டும் பகுதியை நான் திருத்தி எழுதிக்கொண்டிருந்ததால் ஜூன் 11, புதன்கிழமையன்று இரண்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

அன்று காலை 10.40 மணிக்கு, கருவியில் நான் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு பலகையைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். ஒரு கட்டளை எதையெல்லாம் மாற்றியது, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று அந்தப் பலகை அருகருகே காட்டும். அதற்காக, காத்திருக்கும் எல்லாத் திருமணங்களையும் ஜூன் 14, சனிக்கிழமை, காலை 11 மணிக்கு மாற்று என்று ஒரு கட்டளை கொடுத்தேன். நகலில் ஐந்தே திருமணங்கள் உண்டு. ஆகவே ஐந்து வரிகள் மாறின என்று வர வேண்டும். இருபத்து மூன்று வரிகள் மாறின என்று வந்தது. நகல் என்று நினைத்து ஊரில் நிஜமாக ஓடுவதில் கட்டளை கொடுத்திருந்தேன். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

எதிர் மேசையில் இருந்த என் சக ஊழியர் காமென் ராஷ்கோவ் என்னைப் பார்த்து, "என்ன, பேயைப் பாத்தியா?" என்று கேட்டார். நான் திரையைக் காட்டினேன். அவர் ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணிவிட்டு, "பேய் பரவாயில்ல. இது இருபத்து மூணு மாப்பிள்ளை" என்றார்.

தேதி மாறினால் மணமக்களின் கைப்பேசிக்கு ஊராட்சி மென்பொருள் தானாகவே செய்தி அனுப்பிவிடும். அது அனுப்பி முடித்துவிட்டிருந்தது. அதன் பிறகு நான் உடனே ஒரேஷ்னித்சாவின் பதிவாளர் திருமதி கின்கா ஸ்தாமெனோவாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு வயது 58. ஆறு வருடப் பழக்கத்தில் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். அவர் இரண்டாவது மணியிலேயே எடுத்து, "பில்யானா, எனக்கு ஏழு போன் வந்தாச்சு. என்னடி பண்ணி வச்சிருக்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். பழைய தேதிகள் போய்விட்டனவா என்று கேட்டார். போகவில்லை, புதிய பலகையில் இருபத்து மூன்றும் அப்படியே இருக்கின்றன, ஒரு பொத்தானில் திருப்பி வைத்துவிடலாம் என்றேன். அந்தப் பலகை அதுவரை யாருக்கும் நிஜத்தில் பயன்பட்டதில்லை. நான் அழுதுகொண்டிருக்க வேண்டிய நேரத்தில், அது ஒழுங்காக வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டதையும் மறைக்கவில்லை.

கின்கா, "இப்பவே திருப்பாத. அஞ்சு நிமிஷத்துல இன்னொரு செய்தி போச்சுன்னா எல்லாரும் நமக்குப் பைத்தியம்னு முடிவு கட்டிருவாங்க. நான் செய்தி போறதை நிறுத்தி வைக்கிறேன். முதல்ல ஆளுக்குப் பாதியா போன் போட்டு மன்னிப்புக் கேப்போம்" என்றார். அதன்படி முதல் பதினொன்றை அவரும் மீதிப் பன்னிரண்டை நானும் எடுத்துக்கொண்டோம்.

நான் பேசியவர்களில் ஒரு மணப்பெண், "எங்க மாமியார் வேலைன்னு நினைச்சேன். நல்லவேளை, நீங்கதானா" என்றார். இன்னொருவர், "காலைல பதினோரு மணிக்கா? அவன் எழுந்திருக்கவே பன்னெண்டு ஆகும்ங்க" என்றார். ஒருவர் மட்டும் கோபப்பட்டுத் திட்டினார், அது நியாயம்தான்.

அதன் பிறகு பகல் 12.20 மணிக்குப் பதினேழாவது வரியில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மணமகள் ராய்னா பேயேவா, வயது 68, ஓய்வுபெற்ற தபால்காரர். மணமகன் ஸ்பாஸ் மிர்ச்சேவ், வயது 71, டான்யூபில் படகு ஓட்டியவர். பழைய தேதி அக்டோபர் 18. ஊராட்சியிலிருந்து பேசுகிறேன் என்று நான் சொன்னதுமே ராய்னா பேசத் தொடங்கிவிட்டார். "நீ நல்லா இருப்ப கண்ணு. மூணு மனு போட்டேன், தேதியை முன்னாடி கொண்டாங்கன்னு. மூணுக்கும் பதில் இல்ல. மண்டபத்துல வேலை நடக்குதாம். செவ்வாக்கிழமை சோஃபியாவுல இவருக்கு நெஞ்சுல ஆபரேஷன். ஆஸ்பத்திரியில நீங்க யாருன்னு கேட்டா நான் என்ன சொல்ல, எதுத்த வீட்டுக்காரின்னா? உள்ள விடுவாங்களா? செய்தி வந்ததும் செருப்புகூட போடாம தெருவத் தாண்டி ஓடினேன். இவர் மழிச்சுக்கிட்டிருந்தார், பாதி மூஞ்சி சோப்போட நின்னு சிரிக்கிறார்."

தவறுதலாக அனுப்பப்பட்ட செய்தி என்று சொல்லத்தான் அழைத்திருந்தேன். மன்னிப்பு வாசகம் தாளில் எழுதி என் முன்னால் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. "சனிக்கிழமை பதினோரு மணிதானே?" என்று அவர் மறுபடி கேட்டார். "ஆமாம்மா. பதினோரு மணிதான்" என்றேன்.

அதன் பிறகு கின்காவுக்கு மீண்டும் போன் செய்து, பதினேழாவதைத் திருப்பி மாற்றாவிட்டால் சட்டப்படி என்ன ஆகும் என்று கேட்டேன். மற்ற தாள்கள் எல்லாம் சரியாக இருந்து, அன்றைய பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் திருமணம் நடத்தி வைப்பது பதிவாளரின் கடமை, பட்டியலுக்குப் பெயர் எப்படி வந்தது என்று விசாரிப்பது அவருடைய வேலை அல்ல என்று விளக்கினார். மண்டபம் ஜூலை வரை பூட்டியிருக்கிறதே என்றேன். "மண்டபத்தத்தான பூட்டியிருக்கு. என் பேனாவ யாரும் பூட்டலையே" என்றார். இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. என்னைத் தூண்டவும் இல்லை. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

பகல் 1.05 மணிக்கு இருபத்து இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்துப் பழைய தேதிகளுக்குத் திருப்பினேன். பதினேழாவது வரிக்கு எதிரே இருந்த கட்டத்தை மட்டும் குறியிடாமல் விட்டேன். காமென் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். விட்டுப்போகவில்லை என்றேன். அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, "சனிக்கிழமை என் வண்டி சும்மாதான் நிக்குது" என்றார்.

14-ந் தேதி காலை ஏழு மணிக்குக் காமெனின் வண்டியில் புறப்பட்டுப் பத்தரைக்கு ஒரேஷ்னித்சா சேர்ந்தோம். மணமக்கள், சாட்சிகள் இருவர், பதிவாளர் என்று ஐந்து பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஊராட்சி அலுவலக முற்றத்தில் ஏறக்குறைய அறுபது பேர் இருந்தார்கள். புதன்கிழமை செய்தி வந்த மற்ற ஜோடிகளில் நான்கு ஜோடி வந்திருந்தது. சனிக்கிழமைக்கு லீவு சொல்லியாகிவிட்டது, இனி வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்று வந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பெண் பெரிய தாம்பாளம் நிறைய பாலாடைக்கட்டி வைத்த பனித்சா அடை சுட்டுக் கொண்டுவந்திருந்தார், உள்ளே கட்டி இன்னும் சூடாக இருந்தது. போனில் என்னைத் திட்டியவரும் வந்திருந்தார். அவர் கையில் மேளம் இருந்தது.

கின்கா மூவண்ணப் பட்டையை மார்பில் குறுக்கே அணிந்து, லிண்டன் மரத்தடியில் ஒரு மேசை போட்டு, சரியாக 11 மணிக்குத் திருமணத்தைத் தொடங்கினார். கையெழுத்துப் போட்டதும் யார் முதலில் யார் காலை மிதிக்கிறார்களோ அவர் சொல்தான் வீட்டில் செல்லும் என்பது வழக்கம், அதனால் எல்லோரும் கீழே பார்த்தோம். ஸ்பாஸ் தன் காலைத் தானாகவே முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, "நல்லா மிதி. ஆஸ்பத்திரியில எப்படியும் நீதான பேசணும்" என்றார். ராய்னா மிதித்தார். அன்று அவர் செருப்பு போட்டிருந்தார், குதிகால் உயரமானது. ஸ்பாஸ் வலியில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு மேளம் அடித்தார்கள், எல்லோரும் கைகோத்து வட்டமாக ஹோரோ ஆடினோம். ஸ்பாஸ் ஆடக் கூடாது என்பதால் நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து அவரைச் சுற்றி ஆடினோம். ஆடிக்கொண்டிருக்கும்போது புகார்தாரரான ஊராட்சிச் செயலாளர் திரு. வெலின் த்ராகொயேவ், மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையைப் பார்வையிட வாசல் வழியாக வந்தார். "யாரு அனுமதி குடுத்தது?" என்று கேட்டார். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. வட்டம் அவர் நின்ற இடத்துக்கு வந்தபோது கடைசியில் இருந்த பெண் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். புகார்தாரர் எங்களுடன் அரை வட்டம் ஆடினார். அடி தப்பாமல் ஆடினார். அதன் பிறகு நினைவு வந்தவர் போலக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். திங்கட்கிழமை புகார் கொடுத்திருக்கிறார்.

17-ந் தேதி செவ்வாய்க்கிழமை ஸ்பாஸ் மிர்ச்சேவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் மாலை ராய்னா எனக்குப் போன் செய்தார். "வாசல்ல ஒரு நர்ஸ், நீங்க யாருன்னு கேட்டா. சான்றிதழ எடுத்து நீட்டினேன். தேதியப் பாத்துட்டு, மூணு நாள் ஆன பொண்டாட்டியான்னு சிரிச்சுக்கிட்டே கதவத் திறந்துவிட்டா. இவர் கண்ணு முழிச்சதும் முதல் பேச்சு என்ன தெரியுமா? சூப்புல உப்பு இல்லையாம். பொழச்சுக்கிட்டார்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். பின்னாலிருந்து ஸ்பாஸ், "சுத்தமா இல்ல" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

ஆய்வாளரின் கேள்வி: இருபத்து மூன்று மாற்றங்களும் கவனக்குறைவால் நேர்ந்தவை என்று உங்கள் நிறுவனம் கடிதம் கொடுத்திருக்கிறது. அப்படியானால் குற்ற நோக்கம் இல்லை என்று முடித்துவிடலாம். அதை ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை. கடிதம் நல்ல மனதோடு எழுதப்பட்டது, ஆனால் சரியல்ல. இருபத்து இரண்டு கவனக்குறைவு. அதற்கு வெட்கப்படுகிறேன். நிறப் பட்டை இல்லாமல் நிஜத் தரவுத்தளத்தில் கட்டளையே ஓடாதபடி கருவியை மறுநாளே மாற்றிவிட்டேன். ஒன்று மட்டும் நான் தெரிந்தே செய்தது.

கேள்வி: அதற்கு வருந்துகிறீர்களா?

பதில்: இல்லை.

இன்னும் ஒன்றைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இருபத்து மூன்று வரிகளையும் ஜூன் 11-க்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று புகாரில் இருக்கிறது. இருபத்து இரண்டு ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன. பதினேழாவதையும் திருப்பினால் அந்தத் திருமணம் அக்டோபர் 18 வரை நடக்கவில்லை என்றாகி, ராய்னா மறுபடி எதிர்த்த வீட்டுக்காரியாகிவிடுவார். ஸ்பாஸ் இன்னும் பத்து நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். எனக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்கிறவர்கள் செய்யட்டும், அந்த வரியை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

மேலே உள்ளதை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஏதும் இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடியே என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பில்யானா தோஷேவா

என் முன்னிலையில்: (ஒப்பம்) ஆய்வாளர் நெதெல்சேவ்