நதியா மேடம் ரத்து செய்த அறிக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் திரு. குமரகுரு ஐயா அவர்களே, தலைமையாசிரியர் திரு. சிவராஜ் ஐயா அவர்களே, இந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லி வீட்டுக்கே ஆள் அனுப்பிய, நதியா மேடத்தின் தாயார் மேரி அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் பழைய வகுப்புத் தோழிகளே, வணக்கம். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் முன்வரிசையில் இருக்கும்போது வணக்கம் என்ற சொல்லே வாயில் கனக்கிறது. ஆனாலும் சபைக்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.

என் பெயர் கலைவாணி. பிள்ளையார்பாளையம். அப்பா தினகரன் பட்டு நெய்கிறார். அழைப்பிதழில் என்னை 'முன்னாள் மாணவி' என்று போட்டிருக்கிறீர்கள். முன்னாள் மாணவி என்றால் படித்து முடித்துப் போனவள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் முடித்துப் போகவில்லை. கடந்த ஏப்ரலில், ஒன்பதாம் வகுப்பு முடிந்த கையோடு, டி.சி. கொடுத்து என்னை அனுப்பினீர்கள். இப்போது அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஏழு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் இந்த அரங்கத்துக்குள் கால் வைக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தாளாளர் ஐயா, இப்பள்ளியின் மனநல ஆலோசகர் செல்வி நதியா அவர்கள் எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்றார். எறும்புக்கு அவர் தீங்கு செய்யவில்லை. எனக்குச் செய்தார். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிக் குறை பேசாதே என்று என் அம்மா வாசல்வரை வந்து சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அந்தக் குறையை மறைத்தால், நதியா மேடம் செய்த பெரிய காரியத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டையும் சொல்கிறேன். மேரி அம்மாவிடம் நேற்றே அனுமதி கேட்டேன். "சொல்லும்மா, நீயாவது சொல்லு" என்றார்.

நதியா மேடம் யார்? வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய யேசுதாஸ் அவர்களின் ஒரே மகள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தினமும் காலை ஏழே காலுக்குப் பேருந்து ஏறி, நின்றுகொண்டே புத்தகம் படித்தபடி வந்தவர். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகம், ஆண்டுக்கு மூன்றே இடங்கள். மேடம் மூன்று முறை விண்ணப்பித்தார். முதல் முறை நுழைவுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. இரண்டாம் முறை நேர்முகத் தேர்வில் ஒருவர், "வாலாஜாபாத்தில் எல்லாம் மனநோய் வருமா?" என்று கேட்டாராம், மற்றவர்கள் சிரித்தார்களாம். மூன்றாம் முறை இந்த ஆண்டு.

அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் சென்னையில் மட்டுமா இருந்தார்கள்? "முப்பத்தஞ்சு வயசாகுது, இன்னும் காலேஜுக்கு ஃபாரம் நிரப்பிக்கினு இருக்குது" என்று நம் ஆசிரியர் அறையில் சொன்னதை நோட்டு எடுக்கப் போன நானே கேட்டிருக்கிறேன். மேரி அம்மாவும் விடவில்லை. "ஊசி போடாத டாக்டரு, மாத்திரை எழுதாத டாக்டரு, அதுக்கு எதுக்குடி இவ்ளோ படிப்பு?" என்று கேட்பாராம். "பேச்சை வாங்கிக்கிற டாக்டர்மா. உன்கிட்டதான் பயிற்சி எடுக்குறேன்" என்பாராம் மகள்.

அந்த விண்ணப்பத்தோடு ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரையும், ஆய்வுத் திட்டமும், வேலை செய்யும் இடத்திலிருந்து பரிந்துரைக் கடிதமும் வைக்க வேண்டும். கட்டுரையும் திட்டமும் தயார். தேர்வில் பின்தங்கும் பிள்ளைகளைப் பள்ளிகள் எப்படி நடத்துகின்றன என்பதுதான் ஆய்வுத் தலைப்பு. பரிந்துரைக் கடிதம் மட்டும் தாளாளர் ஐயாவின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கடைசி நாள் ஏப்ரல் முப்பது.

நம் பள்ளி வாசலில், பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பலகை தொங்குகிறது. அது எப்படித் தொங்குகிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராத பதினொரு பேரின் கோப்புகள் ஏப்ரலில் தாளாளர் ஐயாவின் மேசையில் இருந்தன. டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்றால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது, இங்கே வைத்துச் சமாளிக்க முடியாது என்று ஆலோசகர் அறிக்கை கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அங்கே நடந்த பேச்சை நதியா மேடம் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"நீங்க இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. நான் அதுல போடறேன்."

"இவங்க யாருக்கும் குறைபாடு கிடையாது சார்."

"உங்களுக்குப் பட்டம் வேணும், எனக்கு ரிசல்ட் வேணும். குறைபாடு இல்லாத ஆளு யாரும்மா இருக்காங்க?"

மூன்று நாள் பேரம் நடந்தது. பதினொன்று ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. கடைசியில் ஒன்றுக்கு வந்து நின்றது. ஒருத்திக்கு அறிக்கை கொடுத்தால் மற்ற பத்துப் பேரை விட்டுவிடுவதாக ஐயா ஒப்புக்கொண்டார். அந்த ஒருத்தி யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மேடத்துக்கே பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

நதியா மேடம் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

என் கணக்கு மதிப்பெண் காலாண்டில் பத்தொன்பது, அரையாண்டில் இருபத்து மூன்று. என்னைவிடக் குறைவாக வாங்கியவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். எழுத்துகளைத் தலைகீழாகப் பார்க்கிறாள், கேட்டதை எழுத இவளால் இயலாது என்று என்னைப் பற்றி எழுதிக் கையெழுத்திட்டார். நம் நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களை முடித்துவிட்டு, கிழிந்த கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியிருந்த என்னைப் பற்றி. அன்று மாலையே பரிந்துரைக் கடிதம் அவர் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி, 'நேர்மையில் எந்தச் சமரசமும் செய்துகொள்ளாதவர்.' பேருந்தில் அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டதாகச் சொன்னார். ஆனாலும் விண்ணப்பத்தை அனுப்பினார்.

எங்கள் தெருவில் அந்த அறிக்கைக்கு வைத்த பெயர் 'மெண்டல் சர்டிபிகேட்'. புதிய பள்ளியில் அதைப் பார்த்த தலைமையாசிரியை, பாவம், நல்லது செய்வதாக நினைத்து, பொதுத் தேர்வில் ஆள் வைத்து எழுதுவோர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார். நான் வாயால் சொல்ல வேண்டும், வேறொருவர் எழுதுவார். என் தமிழ்த் தாளையும் வேறொருவர் எழுதுவார்.

தப்பித்த பத்துப் பேரில் ஒருத்தி ஏஞ்சல். அதோ, நான்காவது வரிசையில் இருக்கிறாள். கடைத்தெருவில் பார்த்தபோது, "நீ போனதாலதான் நாங்க பொழைச்சோம்டி. உனக்கு ஒரு செலையே வைக்கலாம்" என்றாள். "வைங்கடி. கீழ என் பேர மட்டும் ஆள் வச்சு எழுதுங்க, எனக்குத்தான் எழுத வராதே" என்றேன். இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து என் பெயரை எழுதிப் பார்த்தேன்.

இனி அவர் செய்த பெரிய காரியத்துக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு நுழைவுத் தேர்வில் நதியா மேடம் இரண்டாம் இடம். இடங்கள் மூன்று. ஜூலையில் நேர்முகத் தேர்வு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது ஒரு கேஸைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளைத் தேற்றியிருப்பார்? அதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் இன்று அவர் பெயர் தேர்வானவர்கள் பட்டியலில் இருந்திருக்கும். அவர் என் கதையைச் சொன்னார். என் பெயரைச் சொல்லாமல், தன் பெயரை மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்தப் பரிந்துரைக் கடிதம் அந்தக் கையெழுத்துக்கு விலை. இதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அறிக்கையை முறைப்படி ரத்து செய்துவிட்டு அடுத்த ஆண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பல ஆண்டுகளாக விரும்பிய நாற்காலி எதிரிலேயே இருக்கும்போது, நான் பொய் சொன்னவள் என்று தன் வாயால் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? இந்த மேடையில் எத்தனை பேரால் முடியும்?

ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தறியிலிருந்து எழுந்து நாற்காலி போட்டார். மேடம் அதில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அப்பா போய்த் தறியில் அறுந்திருந்த இழையை முடிந்தார். பிறகு, "ஏன் மேடம், பதினொரு பேர்ல எங்க பொண்ணுதான் உங்களுக்கு இளிச்சவாயா தெரிஞ்சாளா?" என்றார்.

"இல்லீங்க. மத்தவங்க தாங்கமாட்டாங்க. இவ எங்க போனாலும் படிச்சிடுவான்னு நெனச்சேன்."

"தாங்குவான்னா அடிக்கலாமா?"

மேடம் ரத்துக் கடிதத்தை என் பக்கம் நீட்டினார். என்னை மன்னிச்சுடு கலை என்றார். அப்போது நான் சொன்னதையும் இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன். "இதுல ஸ்கூல் சீல் இல்லையே மேடம். சீலோட கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். முகத்தைப் பார்க்காமல், கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அந்த முத்திரைக்காக நதியா மேடம் எத்தனை முறை அலுவலகத்துக்கு நடந்தார் என்று எழுத்தர் முனுசாமி அண்ணனுக்குத் தெரியும். பதிமூன்று முறை. "சார் இல்ல மேடம்" என்று அண்ணன் சொல்வார். சாரின் கார் வேப்பமரத்தடியில் நிற்கும். "கார் மட்டும் தனியா வந்துச்சாண்ணே?" என்று மேடம் ஒருமுறை கேட்டாராம். முனுசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டாராம். கடைசியில் மேடம் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதே கட்டடம், மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு ஒரு பதிவுத் தபால். 'வாங்க மறுத்துவிட்டார்' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அடுத்த வாரம் ஆலோசனை அறை விளையாட்டுச் சாமான் அறையாயிற்று. பந்துகளுக்கும் வலைகளுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார், இன்று நீங்கள் மாலை போட்டிருக்கும் நம் ஆலோசகர்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்து, அலுவலகத்துக்கு வெளியே உள்ள பெஞ்சில் நான்கு மணிவரை உட்கார்ந்திருந்தார். டெங்கு என்று புதன்கிழமை தெரிந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டார். அந்தப் பெஞ்சில் அவரை உட்கார வைத்தது தாளாளர் ஐயா மட்டுமில்லை. சீலோடு கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியவள் நான். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று இங்கே சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

மேரி அம்மா நேற்று மகளின் பையைத் திறந்து அந்த ரத்துக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார், கூடவே இன்னொரு தாளையும் காட்டினார். அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்காக எழுதத் தொடங்கிய கட்டுரை. ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொல்கிறேன். 'உண்மையில்லை என்று தெரிந்தே ஓர் அறிக்கையில் நான் கையெழுத்திட்டேன். அதை ரத்து செய்துவிட்டேன் என்பதே இந்தப் படிப்புக்கு எனக்கு உள்ள முதல் தகுதி.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. முத்திரை விழாமல் அடுத்த வரியை அவரால் எழுத முடியவில்லை.

பெரியோர்களே, வருகிற திங்கட்கிழமை எங்கள் பள்ளியிலிருந்து ஆள் வைத்து எழுதுவோர் பட்டியல் மேலிடத்துக்குப் போகிறது. அறிக்கை எழுதினவங்களே நேர்ல வந்து சொன்னா உன் பேர எடுத்துடறேம்மா என்று மேடம் காய்ச்சலில் படுத்த வாரம்தான் எங்கள் தலைமையாசிரியை சொன்னார். எழுதியவர் இனி எங்கே வருவார்? எஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான். இந்தப் பள்ளியின் முத்திரை.

இங்கே பேசிய ஐந்து பேரும், நதியா அவர்கள் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னீர்கள். அவர் விட்டுச் சென்ற பணி எது? அவர் பெயரில் பரிசு கொடுக்கப் போவதாகச் சொன்னீர்கள், படத்தை மாட்டப் போவதாகச் சொன்னீர்கள். அதை அவர் கேட்டாரா? பதிமூன்று முறை நடந்து அவர் கேட்டது இந்த ரத்துக் கடிதத்தில், 'பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு சொல், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. தாளாளர் ஐயா அவர்களே, கடிதத்தை உங்கள் முன்னால், பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பேனாவையும் வைக்கிறேன். இன்று சார் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முனுசாமி அண்ணா, அலுவலகம் பக்கத்தில்தானே இருக்கிறது. தயவுசெய்து முத்திரையை எடுத்து வாருங்கள்.

கூட்டத்தின் நிறைவில் மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. எத்தனை நிமிடம் என்று போடவில்லை. முத்திரை வந்து, அது தாளில் விழும்வரை, எல்லோரும் எழுந்து நிற்போம்.