மிக்கேலின் எஞ்சின் மூடி

டீ நல்லா இருக்கு சார். எங்க கடைப் பக்கம் சீனியை அள்ளிப் போட்டுருவான், வாயில வைக்க முடியாது.

செந்தூர்வேல்னா மீன்பிடித் துறைமுகத்துல யாரை வேணா கேளுங்க. வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் பார்க்கேன், பழைய எஞ்சினை வித்தும் கொடுக்கேன். ஒருத்தனும் எங்கிட்ட ரசீது கேட்டதில்ல. அவ்வளவு நம்பிக்கை.

மிக்கேல் தன் எஞ்சினைச் சர்வீசுக்குத்தான் விட்டுட்டுப் போனான், விக்கச் சொல்லல. அதை நான் மறுக்கல. ஆனா வேம்பார் சுந்தரராஜ் வந்து அதுலதான் கண்ணு வச்சான். "உங்களுதா அண்ணாச்சி?"ன்னு கேட்டான். என் கடையில இருக்கு, பெறகு யாருதுன்னேன். நல்ல மனுசன், ஆசையா வந்தவனை எப்படித் திருப்பி அனுப்ப? இப்ப அது அவனுக்குச் சொந்தமா, மிக்கேல் குடும்பத்துக்கான்னு கோர்ட்டு சொல்லட்டும். என் வக்கீலே ரெண்டு விதமாப் பேசுதாரு.

மிக்கேல் வந்து கேப்பான்லா. நம்ம ஆளுக எஞ்சினை மூடியை வச்சுத்தான் அடையாளம் பிடிப்பாங்க. அவன் மூடியில சிலுவை வரைஞ்சு, மக பேரைப் பெயிண்டுல எழுதியிருந்தான். அதைக் கழத்தி, மூலையில கெடந்த ஒரு ஓட்டை எஞ்சின் மேல மாட்டினேன். கச்சிதமா உக்காந்துச்சு. அந்த எஞ்சின் கரையில நல்லா ஓடும். சூடேறினா நின்னுரும். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

மிக்கேல் மூடியைத் தடவிப் பார்த்து, சிலுவை போட்டுக்கிட்டுத் தோள்ல தூக்கினான். "புதுசு மாதிரி ஆக்கிட்டீங்க அண்ணாச்சி"ன்னான். "பாத்துப் போலே, கச்சான் காத்து பலமா இருக்கு"ன்னேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் சொல்லுவானா?

மண்டபம் பக்கம் எஞ்சினோட வள்ளம் மட்டும் ஒதுங்குச்சு. ஆளைக் கடல் கொடுக்கல. பூசைக்கு மெழுகுதிரி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவன் பொஞ்சாதி ஷெர்லின் அந்த எஞ்சினைக் காட்டி, "இதைப் பாக்கவே முடியல அண்ணாச்சி, வித்துக் கொடுத்துருங்க"ன்னு அழுதா. எனக்கும் கண்ணு கலங்கிட்டு.

அதுக்குள்ள நீங்க எஞ்சின் நம்பரைப் பார்த்துப் பிடிச்சிட்டீங்க. கெட்டிக்காரத்தனம்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். ஸ்டேசன் வாசல்ல கெடக்க அந்த எஞ்சினைச் சீக்கிரம் விடுங்க. உப்புத்தண்ணியைக் கழுவி, வேற மூடி மாட்டினாப் போதும். தருவைக்குளத்துல ஒரு பையன் புதுசா வள்ளம் எறக்குதான், எஞ்சினுக்குக் காத்துக்கிட்டு இருக்கான். இந்தத் தடவை உடையவளே விக்கச் சொல்லியிருக்கா. இதுல என்ன தப்பு இருக்கு?