ஊறுகாய் ஜாடியில் ஒயின்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில், முன் இருக்கைப் பெண் தன் கணவரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு வாட்டி ஊறுகா ஜாடியில ஒயின் போட்டே, கிறிஸ்மஸுக்கு நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்.”

“நல்லா கழுவிட்டுத்தான போட்டேன்?”

“குடிச்சவங்க எல்லாம் மாங்கா வாசனை அடிக்குதுன்னாங்க. இந்த வருசம் புது சம்பந்தி வேற வர்றாங்க. கண்ணாடி ஜாடி பாருன்னா, பிளாஸ்டிக் கேனைப் பாத்துக்கினு இருக்கே.”

“கேன்னா மூடி டைட்டா இருக்கும்.”

“டைட்டா மூடினா பொங்கி வெடிக்கும்யா!”

கணவர் போனில் வெகுநேரம் தேடி ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். மனைவி ஒருவழியாகத் தலையாட்டினார்.

“அப்ப அந்தப் பழைய ஜாடி?” என்றார் கணவர்.

“அதுல ஊறுகா போட்டுட்டேன். ஒயின் வாசனை இன்னும் போகல. உங்கம்மா மூணு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுறாங்க.”